மார்லிஸின் இருபத்தைந்து கையெழுத்து

"இருபத்திமூணு, இருபத்திநாலு, இருபத்தஞ்சு." மார்லிஸ் பேனா முனையால் கடைசி வரியைத் தட்டினாள். "சரியா இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

காலையிலிருந்து அவள் எண்ணுவது இது ஏழாவது தடவை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவள் கணவன் லாய்ட் ஹாகன்ஸன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நாற்பது வருஷம் அச்சகத்தில் வேலை பார்த்தவன். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது, தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவான். அப்படித்தான் அந்த மனுத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டே வந்தான். ஐந்தாவது வரியில் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

'ஒரே பதவிக்குப் போட்டியிடும் இருவருடைய மனுக்களிலும் ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், அவருடைய இரண்டு கையெழுத்துகளும் செல்லாது.'

"என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் மார்லிஸ்.

"வெண்ணெய் கெட்டியா இருக்கு."

வெண்ணெய் உருகி வழிந்துகொண்டிருந்தது.

எங்கள் எல்க்ஹெட் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், அந்த வருஷம் இரண்டு தேர்தல். ஒன்று அரசு வக்கீல் பதவிக்கு. இன்னொன்று கவுண்டி போர்டில் மூன்றாவது வார்டு நாற்காலிக்கு. அந்த நாற்காலியில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் வெர்ன் க்ரூகர். தங்கமான மனுஷன். அவன் வாயிலிருந்து 'சரி' என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. ரோடு வேண்டுமா, சரி. ரோடு வேண்டாமா, அதுவும் சரி. போன வருஷம் ஒரு கம்பெனிக்காரன் வந்து ஊருக்கு மேற்கே இரண்டாயிரம் பன்றிகளுக்குக் கொட்டகை போடலாமா என்று கேட்டான். வெர்ன் சரி என்று கை தூக்கிவிட்டான். அன்றிலிருந்து மேல்காற்று அடித்தால் கொடியில் காயப்போட்ட போர்வையை மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. இப்போது அதைவிட மூன்று மடங்கு பெரிய கொட்டகைக்கு மனு வந்திருந்தது. ஜூலையில் போர்டு ஓட்டெடுக்கும்.

மார்லிஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அறுபது பிள்ளைகளை ஒரே ஒரு 'முடியாது'வில் உட்கார வைத்தவள். அவள் வீட்டு முன்னால் நட்டிருந்த தேர்தல் பலகையில் இரண்டே வரிதான். 'மார்லிஸ் ஹாகன்ஸன். முடியாது என்றால் முடியாது.'

அவளுக்கு வாய்த்த கணவனைப் பற்றிச் சொல்வதானால், அவன் வீட்டு நிலவறையில் நான்கு வாக்குவம் கிளீனர்கள் இருக்கின்றன. நான்கும் வாசலுக்கு வந்து விற்றவர்களிடம் வாங்கியவை. ஒன்று இருக்கும்போதே அடுத்தது, அது இருக்கும்போதே அதற்கடுத்தது. பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே என்பான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்தது. விடிந்ததும் வெர்ன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து லாய்ட் வீட்டு வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்தான். யாரும் கேட்காமல் செய்வான், காசு வாங்கமாட்டான். தள்ளி முடித்ததும் டிராக்டரை நிறுத்தாமலே ஒரு பரீட்சை அட்டையை நீட்டினான்.

"லாய்ட், இதுல ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"தேர்தல்தான், வேற எதுக்கு? சீக்கிரம் போடு, விரல் விறைக்குது."

பனி விழுந்து நனைந்த தாள். எத்தனையாவது வரி என்றுகூடப் பார்க்காமல் லாய்ட் போட்டான். எங்கள் பக்கத்தில் அண்டை வீட்டுக்காரன் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடுவது வெறும் மரியாதை. ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

நாலு நாள் கழித்து மேல்காற்று வந்தது. மார்லிஸ் கொடியிலிருந்து போர்வையை எடுத்து மோந்து பார்த்தாள். நேராக கவுண்டி அலுவலகத்துக்குப் போய் வெற்று மனுத் தாள்களை வாங்கி வந்துவிட்டாள். முதல் வரியில் அவளே போட்டாள். இரண்டாவது வரியில் லாய்ட் பெருமையோடு போட்டான். மனைவிக்குப் போடாமல் யாருக்குப் போடுவது?

தேர்தலில் நிற்க அந்த வார்டுக்காரர்கள் இருபத்தைந்து பேர் கையெழுத்து வேண்டும். நாளை செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இருப்பது சரியாக இருபத்தைந்து, அதில் ஒன்று செல்லாது. இது மூன்றாவது வார்டிலேயே லாய்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"மார்லிஸ்..."

"இந்த ஊர்ல கை நீட்டறவனுக்கெல்லாம் தலையாட்டறதே பொழப்பாப் போச்சு," என்றாள் அவள் தாளை உறைக்குள் வைத்தபடி. "ஒருத்தருக்காவது முதுகெலும்பு வேணும்ல? நீ என்ன சொல்ல வந்த?"

"இன்னும் கொஞ்சம் காபி வேணுமான்னு கேட்டேன்."

"வேண்டாம்." அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். அலமாரியிலிருந்து நேற்றுச் செய்த கேக்கை முழுசாக எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வெளிய."

கேக்கோடு வெளியே போகிறவளை எங்கே என்று தோண்டிக் கேட்கிற நிலைமையில் லாய்ட் இல்லை. கார் தெருமுனை திரும்பியதும் மேஜை இழுப்பறையிலிருந்து வெற்று மனுத் தாள் ஒன்றை உருவி அக்குளில் செருகிக்கொண்டு தன் வண்டியை எடுத்தான்.

அவன் போட்ட திட்டம் எளிமையானது. வெர்னைப் பார்த்து, தன் பேரை அடித்துவிடச் சொல்வது.

"வா வா, காபி குடிக்கிறியா?" என்றான் வெர்ன்.

"வேண்டாம்ப்பா, வீட்டுல குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அரைக் கோப்பை?"

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"போட்டது ஆறிப்போகுது லாய்ட்."

"அப்ப ஒரு வாய் குடு."

எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்டால்தான் கேட்டதாக அர்த்தம். காபி முடிந்து, மாட்டுக்கு வந்த சீக்கு முடிந்து, வெர்னின் முதுகுவலி முடிந்து, லாய்ட் விஷயத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது.

"அன்னிக்கு உன் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டேனே..."

"ஆமா, ரொம்ப நன்றி. எண்பது பேர் போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமையே கொரின்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

கொரின் என்பவள் கவுண்டி அலுவலகத்தில் மனு வாங்குகிறவள். அவள் கைக்குப் போன தாள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. லாய்ட் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அது என்ன அக்குள்ல?" வெர்ன் தாளை இழுத்தான். "மார்லிஸோடதா? எத்தனை குறையுது?"

"குறைச்சல்னு இல்ல. ஒண்ணு இருந்தா நல்லது."

"ஒண்ணுதானா! அட, இதுக்கா இப்படி இழுக்கற?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, லாய்ட் தடுப்பதற்குள் முதல் வரியில் பெரிதாக 'வெர்னன் க்ரூகர்' என்று போட்டுவிட்டான்.

"வெர்ன், நீ அவளை எதிர்த்து நிக்கறவன்."

"நின்னா என்ன? பக்கத்து வீட்டுக்காரி இல்லியா? இரு, மார்லிஸுக்கு ஒரு போன் போட்டு வாழ்த்துச் சொல்லிடறேன்."

"வேண்டாம்!" லாய்ட் கத்திய கத்தலில் நாய் எழுந்து நின்றது. "அவ... தூங்கறா."

"பகல் பதினோரு மணிக்கா? சரி சரி. அப்ப எனக்கு ஒரு உதவி. இந்தப் பலகை ஒண்ணு மிச்சமா இருக்கு. எங்கயாவது ரோட்டோரமா நட்டுடேன்."

அது வெர்னின் தேர்தல் பலகை. சிரித்த முகத்தோடு வெர்ன் படம், அடியில் 'எல்லாருக்கும் வெர்ன்'. லாய்ட் முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அவன் காபியைக் குடித்திருக்கிறோம், அவன் கேக்கில் இரண்டு துண்டு தின்றிருக்கிறோம். பலகை வண்டியின் பின்னால் ஏறியது.

அடுத்து ஜோலீனின் காபிக்கடை. மதியச் சாப்பாட்டு நேரம், மூன்றாவது வார்டு ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். லாய்ட் தொண்டையைக் கனைத்தான்.

"வெர்னுக்குக் கையெழுத்துப் போடாதவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

"எல்லாரும் போட்டுட்டோம் லாய்ட், கவலைப்படாதே," என்றான் ஒருவன். "வெர்னுக்காக இவ்வளவு அலையறியே, உனக்கு நல்ல மனசு."

"வீட்டுல மார்லிஸ் ஒண்ணும் சொல்லலியா?" என்றான் இன்னொருவன். கடையே சிரித்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அரசு வக்கீல் நீல் ஷுமேக்கர் வந்தார். கழுத்துப் பட்டை, பளபளக்கிற பூட்ஸ், கையில் அவரும் ஒரு பரீட்சை அட்டை. பதினாறு வருஷம் எதிர்ப்பில்லாமல் ஜெயித்தவர். இந்தத் தடவை கிர்ஸ்டன் என்று ஒரு சின்னப் பெண், வக்கீலுக்குப் படித்துவிட்டு வந்து எதிர்த்து நிற்கிறாள். அதனால் நீல் ஆறு வாரமாக எல்லாரிடமும் குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். லாய்ட் அவரை மூலை மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நீல், ஒரு சந்தேகம். எனக்கு இல்ல, என் சிநேகிதன் ஒருத்தனுக்கு."

"சொல்லுங்க."

"ஒரே பதவிக்கு ரெண்டு பேர் தாள்லயும் கையெழுத்துப் போட்டுட்டான். தெரியாமத்தான்."

"தெரியாமப் போட்டா செல்லாது, அவ்வளவுதான். குத்தம் இல்ல."

"அப்பாடா."

"ஆனா தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு அந்த மனுவைக் குடுக்க விட்டான்னு வைங்க, அது வேற. முப்பது நாள் உள்ள வைக்கலாம்."

"அவனுக்கு வயசு அறுபத்திமூணு."

"உள்ள எல்லா வயசுக்கும் கட்டில் இருக்கு. யாரு அந்தச் சிநேகிதன்?"

"உங்களுக்குத் தெரியாது. பக்கத்துக் கவுண்டி."

"பேரு?"

லாய்ட் நாலாபக்கமும் பார்த்தான். "வால்டர்."

நீல் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 'வால்டர்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார். லாய்டுக்கு வேர்த்தது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் அடுத்ததைக் கேட்டான்.

"நீங்க போர்டு நாற்காலிக்கு யாருக்காவது போட்டீங்களா?"

"பதவியில இருக்கறவன் போடறது முறையில்ல."

"மார்லிஸுக்கு ஒண்ணு போடலாமே?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அவ சந்தோஷப்படுவா."

மூன்று தடவை கேட்டாகிவிட்டது. நீல் போட்டார். போட்டுவிட்டுத் தன் அட்டையைத் திருப்பி வைத்தார். "நீங்களும் நமக்கு ஒண்ணு."

லாய்ட் போட்டான். போட்டு, பேனாவை மூடி, காபிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கும்போதுதான் போன வாரம் சர்ச் விருந்தில் கிர்ஸ்டன் தாளிலும் போட்டது ஞாபகம் வந்தது. அந்தப் பெண் ஒரு தட்டு பிஸ்கட்டோடு பக்கத்தில் வந்து நின்றாளே, என்ன செய்ய? இப்போது இரண்டு பதவி, இரண்டு குற்றம். இரண்டாவது குற்றத்தை அரசு வக்கீலின் கண் முன்னாலேயே செய்தாகிவிட்டது.

நீல் போன பிறகு ஜோலீன் மேஜையைத் துடைக்க வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"இவரு கையெழுத்து எதுக்கு? இவரு வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். அது ரெண்டாவது வார்டுல்ல?"

லாய்ட் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டான்.

"ஜோலீன், நீ எந்த வார்டு?"

"மூணுதான். ஆனா நான் வெர்னுக்குப் போட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சு மூணாவது வார்டுல யாருக்கும் போடாத ஒரே ஆளு ஓர்வில்தான். அவர்கிட்ட யாரும் போகமாட்டாங்க. போனா திரும்பி வர்றது கஷ்டம்."

ஓர்வில் ப்யோர்ன்ஸ்டாட் எண்பத்தோரு வயதுக் கிழவர், தனிக்கட்டை. செவ்வாய் காலை எட்டரைக்கு லாய்ட் அவர் வாசலில் வண்டியை நிறுத்தினான். மார்லிஸ் அதற்கு முன்பே எழுந்து, இன்னொரு கேக்கை எடுத்துக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போயிருந்தாள். அவள் கிளம்பும்போது லாய்ட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தான்.

ஓர்வில் வெளியே வந்தார். லாய்டைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் மல்லாக்கக் கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வெர்னைப் பார்த்தார்.

"அந்த மூஞ்சியை என் நிலத்துக்குள்ள கொண்டு வந்தியா?"

"ஐயோ, இல்ல ஓர்வில், நான் வந்தது மார்லிஸுக்கு..."

"மூணு பனிக்காலம்! மூணு பனிக்காலமா அவன் டிராக்டர் என் தபால் பெட்டியைத் தள்ளிட்டுப் போகுது. மூணு தடவையும் வந்து மன்னிச்சுக்கோங்கன்னான். நட்டுத் தர்றியாடான்னா சரின்னான். நட்டானா?"

தபால் பெட்டி கம்பத்தோடு சாக்கடையில் கிடந்தது.

"அவனைத் தோக்கடிக்கத்தான் இந்தக் கையெழுத்து," என்றான் லாய்ட்.

"நீ அவன் ஆளு. பலகை சொல்லுது."

"அது அவன் குடுத்தான், நான் வாங்கிட்டேன்."

"ஏன் வாங்கின?"

 கிழவர் கொட்டகைக்குள் போய் ஒரு கடப்பாரையை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டார்.

"நட்டுக் குடு. நட்டதுக்கு அப்புறம் பேனாவை எடுக்கறேன்."

மார்ச் மாதத்தில் எங்கள் மண் கருங்கல். கடப்பாரை பட்டால் 'டங்' என்று மணி அடிக்கும், ஒரு விரற்கடை பெயரும். லாய்ட் பத்து மணிக்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தான். பன்னிரண்டு மணிக்குக் கணுக்கால் ஆழம் வந்திருந்தது. கிழவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். இரண்டு மணிக்குக் கொப்புளம் உடைந்தது. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வீட்டு முன்னால் தன் தேர்தல் பலகையைத் தினமும் துடைத்துத் துடைத்து வைக்கிற மார்லிஸை நினைத்துக்கொண்டான். அவள் முதன்முதலாக ஊரிடம் ஒன்று கேட்கிறாள். அது தன் ஒரு கிறுக்கலால் போய்விடுமோ என்பதை நினைத்தபோது கண் கலங்கியது, உடனே கடப்பாரையை ஓங்கினான்.

மூன்றேகாலுக்குக் கம்பம் நின்றது. ஓர்வில் அதை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. கண்ணாடியைத் தேடி, பேனாவைத் தேடி, பேனாவில் மை இல்லாமல் இன்னொன்றைத் தேடி, தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து முடித்தபோது மூன்றே முக்கால்.

"அந்தப் பலகையை என்ன பண்ணப் போற?" என்றார்.

"என்ன பண்ணட்டும்?"

"இங்க போட்டுட்டுப் போ. கோழிக்கூண்டுல ஓட்டை இருக்கு."

லாய்ட் வீட்டுக்குள் நுழைந்தபோது மார்லிஸ் கோட்டோடு வாசலிலேயே நின்றாள். முழங்கால் வரை சேறு. தலைமயிரில் வைக்கோல். அவளிடமிருந்து வந்த வாசனையில் லாய்ட் ஓரடி பின்வாங்கினான்.

"எங்க போயிருந்த?"

"பன்னிக் கொட்டகைக்கு. கொட்டகைக்காரனோட மாமியாரு அங்கதான் இருக்கா. அவளுக்கும் அந்த நாத்தம் தாங்கலியாம். ரெண்டு நாளா, ரெண்டு கேக்கு குடுத்து, பேசிப் பேசி வாங்கினேன் ஒரு கையெழுத்து." தாளைக் காட்டினாள். இருபத்தாறாவது வரி. "இருபத்தஞ்சே போதும். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

லாய்ட் அவளைப் பார்த்தான். தன் தாளை வெளியே எடுத்தான். "நானும். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

மார்லிஸ் மூன்று பெயரையும் படித்தாள்.

"வெர்ன் க்ரூகரா?"

"அவனே இழுத்துப் போட்டுட்டான்."

"என்னை எதிர்த்து நிக்கறவன் என் தாள்ல கையெழுத்துப் போடறான், நீ பாத்துக்கிட்டு நின்ன?"

"காபி குடுத்தான், மார்லிஸ்."

"முடியாதுன்னு சொல்லேன்! ஒரு தடவை சொல்லிப் பாரேன், வாய் வெந்தா போயிடும்? உன் கை என்ன இப்படி இருக்கு?"

"தபால் பெட்டி."

அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. கவுண்டி அலுவலகத்துக்கு முப்பது மைல். போகும் வழியெல்லாம் லாய்ட் மனக்கணக்குப் போட்டான். மொத்தம் இருபத்தொன்பது. வெர்ன் போகட்டும், நீல் போகட்டும், நான் போகட்டும். இருபத்தாறு மிஞ்சும். ஒன்று உபரி! அப்படிப் பார்த்தால் ஓர்வில் வீட்டுக் கம்பத்தை நட்டிருக்கவே வேண்டாம். உள்ளங்கை எரிந்தாலும் மனசு லேசாகிவிட்டது. வண்டி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டி அடித்தான்.

"எதுக்கு இவ்வளவு குஷி?" என்றாள் மார்லிஸ்.

"நீ ஜெயிச்சுடுவ."

அலுவலகத்தில் மணி நான்கே முக்கால். கொரின் மேஜைக்குப் பின்னால் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். தன் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீதுக்காக நீல் ஷுமேக்கர் ஓரமாக நின்றிருந்தார். கொரின் தாள்களை எப்போதும் கடைசியிலிருந்துதான் எண்ணுவாள். முன்னாலிருந்து எண்ணினால் ஆட்கள் கூடவே எண்ணித் தொந்தரவு செய்கிறார்களாம்.

"ஓர்வில் ப்யோர்ன்ஸ்டாட்!" கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். "உயிரோட திரும்பி வந்தது யாரு?"

லாய்ட் உள்ளங்கைகளைக் காட்டினான்.

"சரி. அடுத்தது நீல் ஷுமேக்கர். நீல், நீங்க மூணாவது வார்டே இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

நீல் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "போன தடவை எல்லையை மாத்தினதுல குழம்பிப் போச்சு."

"மாத்தினப்ப சட்ட ஆலோசனை சொன்னது நீங்கதான்," என்று கொரின் அந்த வரியை அடித்தாள். அடுத்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "வெர்னா? சரியாப் போச்சு. அவன் தாள்ல அவனே போட்டிருக்கான். இதுவும் போச்சு." அடித்தாள். முதல் தாளுக்குப் போனாள். பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் வெர்னுடைய எண்பது பேரும் வரிசையாக இருந்தார்கள். பேனா ஒவ்வொரு பெயராக மேலே ஏறியது. ஐந்தாவது வரி. நான்காவது வரி. முப்பது நாள், முப்பது நாள் என்று லாய்டின் காதில் கேட்டது.

"நிறுத்து கொரின்!" என்றான் லாய்ட். "நானே சொல்லிடறேன். நான் வெர்னுக்கும் போட்டிருக்கேன்."

நீல் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தார்.

"அப்ப அந்த வால்டர்?" என்றார் நீல்.

"நான்தான் வால்டர். நீல், உங்களுக்கும் போட்டேன், கிர்ஸ்டனுக்கும் போட்டேன். எல்லாருக்கும் போட்டேன். ஆனா மனுவை வாங்கிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், குறிச்சுக்குங்க." பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "மார்லிஸ், மன்னிச்சுடு. நேத்து காலையிலதான் தெரியும். சொல்ல தைரியம் வரல. அதுக்குத்தான் ரெண்டு நாளா அலைஞ்சேன். என் பேரை அடிச்சாலும் இருபத்தாறு இருக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

மார்லிஸின் முகம் காதுவரை சிவந்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் கடைசி வரிசைப் பிள்ளைகளையும் நடுங்க வைத்த குரல் வெளியே வந்தது.

"கட்டின பொண்டாட்டி தேர்தல்ல நிக்கறா, இந்த மனுஷன் எதிராளிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து என் எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னிருக்கான்! நீல், நீங்களே சொல்லுங்க, இப்படியும் ஒருத்தன் உண்டா? ஒருத்தன் வாசல் பனியைத் தள்ளிட்டான்னா நம்ம புத்தியையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போக விடறதா? யாரு எதை நீட்டினாலும் போட்டுடறதா? முப்பத்தெட்டு வருஷமாச் சொல்றேன், முடியாதுன்னு சொல்லப் பழகுன்னு. ஒரு வார்த்தை! சின்னக் குழந்தைக்குக் கூட வருது, இவனுக்கு வரல! இந்த ஊரு கெட்டதே இந்த மாதிரி ஆளுங்களாலதான். எனக்கு வெக்கமா இருக்கு, கொரின், சத்தியமா வெக்கமா இருக்கு!"

லாய்ட் தரையைப் பார்த்தான். நீல் கூரையைப் பார்த்தார். கொரின் மட்டும் தலை நிமிராமல் மேல் வரிகளை முடித்து, முத்திரையை மையில் ஒற்றி, தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"சரியா இருபத்தஞ்சு. நீ வேட்பாளர்தான் மார்லிஸ், வாழ்த்துகள்," என்றாள். "லாய்டை அடிச்சுட்டேன், உன்னையும் அடிச்சுட்டேன். வெர்ன் தாள்ல முதல் கையெழுத்தே உன்னோடதுதானே?"